உங்கள் நூல் வாசகரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? நடந்ததைப் பகிருங்கள்

விழுப்புரம், ஏரிகளைப் பற்றி எழுதுபவர்:

புதிதாக நூல் கொண்டுவரும் நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: இத்தனை புத்தகங்களுக்கு நடுவில் என் நூலை யார் கையில் எடுப்பார்கள்? சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கியது. 2025இல் நந்தனத்தில் 900 அரங்குகளோடு நடந்தது. முதல் நாள் முன்மேசையில் முகம் காட்டிக் கிடக்கும் நூல், அடுத்த பெட்டி வந்து இறங்கியதும் அலமாரிக்குள் முதுகு காட்டி நின்றுவிடுகிறது. எனவே அறிவுரைகளை விட்டுவிட்டு, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நானே தொடங்குகிறேன்.

என் நூல் எங்கள் வட்டாரத்து ஏரிகள், அவற்றின் மதகுகள், மிகுநீர் வழிந்தோடும் கலங்கல்கள், வரத்துக்கால்வாய்கள் பற்றியது. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் நான் நடந்து பார்த்து எழுதியிருக்கிறேன். வெளியானதும் வழக்கப்படி இலக்கிய இதழ்களுக்கு மதிப்புரைக்காக இரண்டிரண்டு பிரதிகள் அனுப்பினோம். ஒன்றிரண்டு இதழ்களில் நல்லபடியாக எழுதினார்கள். விற்பனையில் அசைவே இல்லை.

மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு மாலை நேரம். தோளில் துண்டோடு வந்த ஒரு பெரியவர் நூலைப் பின்னாலிருந்து திறந்தார். கடைசிப் பக்கங்களில் ஊர்ப்பெயர் அடைவு போட்டிருந்தோம். அந்த வரிசையில் விரலை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே இருந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கத்துக்குப் போனார். கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, அவர் நின்றபடியே படித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, எங்கள் கலங்கலின் உயரத்தை எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் பத்து வருஷமாகத் தகராறு. ஊரில் காட்ட வேண்டும்” என்று சொல்லி மூன்று பிரதிகள் வாங்கினார். அடுத்த வாரமே அந்த ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் தொலைபேசி வரத் தொடங்கிவிட்டது.

அந்த அடைவுக்காகப் பதிப்பாளரிடம் நான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அரை ஃபாரம் கூடுகிறது, அதாவது எட்டுப் பக்கம், விலையும் ஏறும் என்றார். அந்த எட்டுப் பக்கம் செய்த வேலையை எந்த வெளியீட்டு விழாவும் செய்திருக்காது. அதன் பிறகு பாசன சங்கத் தலைவர்கள், ஊராட்சி அலுவலகங்கள், கட்டடப் பொறியியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் என்று முகவரி தேடித்தேடி எழுதினேன். என் வாசகர்கள் அங்கேதான் இருந்தார்கள். இலக்கியக் கூட்டங்களில் அவர்களைச் சந்தித்திருக்கவே முடியாது.

திருச்சி, சிறுகதை எழுதுபவர்:

விழுப்புரத்து ஐயா சொல்வது கட்டுரை நூலுக்குப் பொருந்துகிறது. கதைக்கு ஊர்ப்பெயர் அடைவு போட முடியாதே! என் அனுபவம் வேறு மாதிரியானது.

என் முதல் தொகுப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மதிப்புரை வந்தது. அடியில் வெளியீடு, விலை, தொடர்பு எண். காலை ஏழு மணிக்கே தொலைபேசி ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர், ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஊழியர். எல்லோரும் கேட்டது ஒன்றே: எங்கே கிடைக்கும்? பதிப்பகத்தில் விசாரித்தால் இருப்பு தீர்ந்துவிட்டதாம், மறுஅச்சு வர இரண்டு வாரம் ஆகுமாம். அச்சாகி வந்ததும் குறித்து வைத்திருந்த எண்களுக்கு ஒவ்வொருவராக அழைத்தேன். பாதிப் பேருக்கு எந்தப் புத்தகம் என்பதே நினைவில் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த ஞாயிறு போய்விட்டது.

நெரிசலான சந்தை என்று நாம் பேசுகிறோம். நான் கண்டவரை, ஒரு நூலைப் பற்றி யாராவது பேசும் நாளில் அது கைக்குக் கிடைக்காமல் போவதுதான் பெரிய இழப்பு. பேச்சு உண்டாக்க எவ்வளவோ பாடுபடுகிறோம். பேச்சு உண்டாகிற நாளில் சரக்கு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது தொகுப்புக்கு ஒப்பந்தம் போடும்போதே ஒரு கட்டு பிரதிகளை ஆசிரியர் விலைக்குக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன். மதிப்புரை வெளியாகும் முன்பே அட்டைப் பெட்டியும் ஒட்டுநாடாவும் தயார். பணம் கைப்பேசியில் வந்ததும் அன்று மாலையே அஞ்சலகத்துக்குப் போய்விடுவேன்.

அஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது எங்களைப் போன்றவர்களுக்குப் பேரிடி. அப்போது மெலிந்த நூலுக்குக்கூட அனுப்பும் செலவு, விலையில் கணிசமான பங்காகிவிட்டது. தனி நூலாக அனுப்பாமல், ஒத்த ரசனையுள்ள தோழிகள் மூவருமாகச் சேர்ந்து எங்கள் மூன்று நூல்களையும் ஒரே கட்டாக விற்கிறோம். ஒருவரைத் தேடி வந்த வாசகர் மற்ற இருவரையும் சேர்த்தே படித்துவிட்டு எழுதுகிறார். எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

யாழ்ப்பாணம், கவிஞர்:

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வெளியீட்டு விழாவே முதல் விற்பனை நிலையம். முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள் என்று பெயர் சொல்லி மேடைக்கு அழைப்போம். வருகிறவர்கள் கடித உறையில் தம்மால் இயன்ற தொகையை வைத்துத் தந்துவிட்டு நூலைப் பெற்றுக்கொள்வார்கள். பல நூல்களுக்கு அச்சுக்கூலியின் பெரும்பகுதி அன்றே தேறிவிடும். புலம்பெயர்ந்த உறவுகள் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இதே முறையில் அறிமுகக் கூட்டம் வைக்கிறார்கள். அன்பினால் வாங்குகிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது என்னைத் தொடர்ந்து வருத்துகிற கேள்வி. இப்போதெல்லாம் விழாவில் பேச்சாளர்களைக் குறைத்துவிட்டு, கவிதைகளை வாசித்துக் காட்டவே பாதி நேரத்தை வைக்கிறேன். வாசித்த கவிதையைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களை மேடையிலிருந்தே காண முடிகிறது.

மதுரை, குடும்ப நாவல்கள் எழுதுபவர்:

நான் கிண்டிலில் எழுதுகிறேன். அச்சு நூல் உலகில் எங்களை எழுத்தாளர் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறார்கள் என்பது தெரியும். அது கிடக்கட்டும். பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது.

மின்நூலை அமேசானின் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாள்களுக்கு அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடர்கதைத் தளத்தில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் அதை அங்கிருந்து நீக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அந்த 90 நாளில் ஐந்து நாள்கள் இலவசமாகக் கொடுக்கலாம். பலர் இலவச நாளில் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணைப் படம் பிடித்துப் போட்டு மகிழ்கிறார்கள். சந்தா வாசகர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதை வைத்துத்தான் அங்கே பணம் வருகிறது. இறக்கி வைத்துவிட்டுத் திறக்காத நூலால் ஒரு காசும் வராது.

எனவே நான் வரிசை நாவலின் முதல் பாகத்தை மட்டும் இலவசமாகத் தருகிறேன். அதன் கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த சூட்டோடு, இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை வைத்து அதற்கான இணைப்பையும் கொடுக்கிறேன். என் வாசகிகள் பெரும்பாலும் இரவு வேலை முடிந்து கைப்பேசியில் படிப்பவர்கள். ‘நாளை தேடிக்கொள்ளலாம்’ என்று தூங்கிவிட்டால் நாளை வேறொரு கதை வந்துவிடும். திருச்சி அக்கா சொன்ன ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு இரவு பதினொரு மணி.

கோவை, புத்தகக் கடையில் வேலை செய்பவர்:

எழுத்தாளர்கள் பேசும் இடத்தில் கடைக்காரன் குரல் கேட்டால் கோபிக்க வேண்டாம். நூல்களை அலமாரியில் அடுக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வாசகர் கண்ணில் முதலில் படுவது முதுகு. மெலிந்த நூல்களில் முதுகில் எழுத்துக்கே இடம் இருக்காது. அந்த நூல்களைத் தேடி எடுப்பதற்குள் எனக்கே வியர்த்துவிடும், வாசகர் எப்படி எடுப்பார்? பக்கம் குறைந்த நூல் என்றால், கொஞ்சம் பருமனான தாளில் அடிக்கச் சொல்லிப் பதிப்பாளரிடம் கேளுங்கள். முதுகில் தலைப்பு வந்துவிடும். அட்டையில் தலைப்பை ஓவியம் போல் சுழித்து எழுதுவதும் இப்போது பெருகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. எட்டடி தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை.

இரண்டாவது, கழிவு. கடைகளுக்கு 35 விழுக்காடு வரை கழிவு கேட்பதைப் பகல் கொள்ளை என்று சிலர் திட்டுகிறார்கள். 200 ரூபாய் நூலில் 70 ரூபாய் கடைக்கு என்றால் எழுதியவருக்கு வலிக்கும்தான். அதற்குள்தான் வாடகை, சம்பளம், விற்காமல் கிடக்கும் இருப்பு எல்லாம் அடங்குகிறது. விற்ற பின் பணம் என்ற பேச்சில் ஐந்து பிரதிகள் கொண்டுவந்து கொடுத்தால் நாங்கள் மறுப்பதில்லை. கொடுத்தவர் மாதம் ஒருமுறை வந்து கணக்குக் கேட்க வேண்டும். அப்படி வருபவரின் நூல் எங்களுக்கு மறப்பதில்லை, வாசகர் கேட்டால் வாய் தானாகவே அதைச் சொல்லும்.

பின்னட்டைக்கும் கொஞ்சம் கவனம் கொடுங்கள். பாராட்டுரைகளால் நிரப்பாமல், நூலில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதினால் போதும். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலோர் அங்கேதான் முடிவு செய்கிறார்கள். இதை நாள்தோறும் எதிரில் நின்று பார்க்கிறேன்.

நெல்லை, முதல் நூலை முடித்திருப்பவர்:

எல்லாவற்றையும் படித்தேன், அச்சமும் தெம்பும் சேர்ந்தே வருகின்றன. இரண்டு ஐயங்கள். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் தனியாகப் பணம் கேட்கிறது, கொடுக்கலாமா? இன்னொன்று விழுப்புரத்து ஐயாவுக்கு. என் நூல் தாமிரபரணிக் கரைப் படித்துறைகளைப் பற்றியது. ஊர்ப்பெயர் அடைவை எப்போது, எப்படித் தயாரிப்பது?

விழுப்புரம், ஏரிகளைப் பற்றி எழுதுபவர்:

ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையே வழங்குகிறது, நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் நாள் பிடிக்கும், முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

படித்துறை நூல் என்றால் அடைவு கட்டாயம் வேண்டும், தம்பி. பக்கங்கள் வடிவமைத்து முடிந்து, மெய்ப்புத் திருத்தமும் தீர்ந்த பிறகே தொடங்குங்கள். ஒரு பத்தி நகர்ந்தால் பக்க எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். வருவாய்த் துறைப் பதிவில் ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், ஊரார் வாயில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் அதனதன் அகர வரிசையில் போடுங்கள். படித்துறையின் பெயர், அதைக் கட்டியவர்கள் பெயர், அருகிலுள்ள கோயிலின் பெயர் தெரிந்தால் அவற்றையும் சேருங்கள். எழுத்தின் அளவைப் பன்னிரண்டு புள்ளிக்குக் கீழே குறைக்க விடாதீர்கள், கண்ணாடி கொண்டுவராதவர்கள்தான் அந்தப் பக்கங்களை அதிகம் பார்ப்பார்கள். நூல் வந்ததும் முதல் கட்டைப் பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை பிறகு இருக்கட்டும்.