உதவி: ஜிபிஎஸ் சொல்கிற திசையிலேயே ஓட்டியும் படகு வடக்கே வளைந்து போகிறது

தேவகோட்டை மாப்பிள்ளை:
வணக்கம். தொண்டியில் மாமனாரின் ஃபைபர் படகில் லீவு நாட்களில் கடலுக்குப் போவேன். வலை விடும் இடம் கரையிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே, கையடக்க ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறோம். அந்த இடத்துக்கு வழிகாட்டும் 'கோ டூ' போட்டு, பிஆர்ஜி என்று வரும் டிகிரிக்கே காம்பஸைப் பார்த்து ஓட்டுகிறேன். ஆனால் சோளகம் (தென்காற்று) அடித்தால் திரையில் தடம் வடக்கே வில்லாக வளைந்து, கடைசியில் காற்றை எதிர்த்துத் தெற்கே ஏறித்தான் இடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எரிபொருள் வீண். கருவியை மாற்ற வேண்டுமா?

பாக் நீரிணை:
கருவி நல்லாத்தான் இருக்கு தம்பி, காசைக் கரியாக்காதீங்க. பிஆர்ஜி என்பது குறித்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது. படகு உண்மையில் போகிற திசை சிஓஜி. அணியம் (படகின் முன்பக்கம்) 90-ஐப் பார்த்தாலும் காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) தள்ளுவதால் சிஓஜி 80 என்று நிற்கும். இடம் வலப்பக்கம் நகர நகர நீங்களும் திருப்பிக்கொண்டே போகிறீர்கள், அதான் வில். இனி காம்பஸ் எண்ணை மறந்துவிட்டு, சிஓஜியும் பிஆர்ஜியும் ஒன்றாகும்வரை அணியத்தைத் தெற்கே ஒடித்து வையுங்கள். படகு நண்டு மாதிரி சாய்ந்து போகும், போகட்டும். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் 1 நாட் பக்கவாட்டில் தள்ளினால் சுமார் 10 டிகிரி, வேகத்தை 3 நாட்டாகக் குறைத்தால் கிட்டத்தட்ட 20.

தேவகோட்டை மாப்பிள்ளை:
சரிண்ணே, ஆனால் அந்த சிஓஜி ஓர் இடத்தில் நிற்காமல் குதிக்கிறதே?

பாக் நீரிணை:
அலையில் அணியம் ஆடினால் குதிக்கத்தான் செய்யும், மெதுவாகப் போனால் இன்னும் மோசம். ஒவ்வொரு எண்ணையும் துரத்தாமல் ஒரு நிமிஷம் பார்த்துச் சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது எஞ்சினை நியூட்ரலில் போட்டுக் கொஞ்ச நேரம் மிதக்க விட்டால், காற்றும் நீவாடும் சேர்ந்து எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று தடமே காட்டிவிடும்.

காரைக்குடிப் பயல்:
பர்மாவுக்குக் கப்பலேறின ஊர்க்காரங்க தொண்டியிலேயே வளைஞ்சு போகலாமா! சரி, நானும் ஒன்று சொல்கிறேன். எக்ஸ்டிஇ பக்கத்தைத் திறந்து வையுங்கள், 'கோ டூ' போட்ட இடத்திலிருந்து வலை இடத்துக்குப் போகும் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகினோம் என்று அது சொல்லும். நடுவழியில் மறுபடி 'கோ டூ' அழுத்தாதீர்கள், அழுத்தினால் நிற்கிற இடத்திலிருந்து புதுக்கோடு போட்டு எக்ஸ்டிஇ பூஜ்யமாகிவிடும், தள்ளிப்போனதே தெரியாது.

தேவகோட்டை மாப்பிள்ளை:
திரும்பும்போதும் அதே 10 டிகிரி வலப்பக்கம்தானே?

பாக் நீரிணை:
வலப்பக்கம் வைத்தால் வடக்கே போய்ச் சேருவீர்கள் மாப்பிள்ளை. காற்று அதேதான், திரும்பியது நீங்கள். கரைக்கு வரும்போது தெற்கு உங்கள் இடக்கைப் பக்கம், அணியத்தை அங்கே ஒடியுங்கள். அளவும் அதே 10 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலையும் மீனும் ஏறிப் படகு அமிழ்ந்திருந்தால் காற்று அவ்வளவு தள்ளாது, நீவாடோ அதற்குள் மாறியும் இருக்கலாம். சிஓஜியைப் பார்த்துப் புதுசாகப் பிடியுங்கள்.