பால் சங்கக் கணக்கு: இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளை உறுப்பினர் எண்ணை வைத்து இணைப்பது எப்படி?

கேள்வி

எங்கள் ஊர் பால் சங்கத்தில் 412 பேர் பால் ஊற்றுகிறார்கள். 15 நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. பால் அளக்கும் கருவியிலிருந்து வரும் வரவுக் கோப்பில் ஆளுக்கு வேளைக்கு ஒரு பதிவு: உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, ரூபாய். பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் உறுப்பினர் கோப்பில் இருக்கின்றன. இரண்டும் எக்ஸ்எம்எல் (தகவலை டேக்குகளுக்குள் எழுதி வைக்கும் முறை) கோப்புகள். அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் இரண்டையும் சேர்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரவுப் பதிவுக்கும் இப்படி எழுதினேன் (டேக் பெயர்கள் தமிழில்தான், எக்ஸ்எம்எல் ஏற்றுக்கொள்கிறது, கட்டளைச் சொற்களை ஒலிப்படி தந்திருக்கிறேன்):

டாக்குமென்ட்('உறுப்பினர்.எக்ஸ்எம்எல்')//உறுப்பினர்[@எண் = @உறுப்பினர்எண்]/பெயர்

லிட்டர் வருகிறது, ரூபாய் வருகிறது, பெயர் மட்டும் வெற்றாக இருக்கிறது. போன தடவை பெயர்களைக் கையால் ஒட்டியதில் ஒரு வரி தள்ளிப்போய், ஒரு அம்மாவின் பணம் அடுத்தவர் கணக்கில் ஏறிவிட்டது. இரண்டு மாட்டை வைத்துப் பிழைப்பவர் அவர். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது.

பதில் 1

சதுர அடைப்புக்குள் போனதும் நீங்கள் நிற்கும் இடம் மாறிவிடுகிறது. அங்கே @உறுப்பினர்எண் என்றால், அதை உறுப்பினர் டேக்கில் தேடும். அதில் அப்படி ஒன்று கிடையாது. [@எண் = கரண்ட்()/@உறுப்பினர்எண்] என்று மாற்றுங்கள். வெளியே நின்ற வரவுப் பதிவைக் காட்டுவது கரண்ட்()தான்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் 12,360 பதிவுக்கும் (412 பேர், ஆளுக்கு 30 வேளை) 412 பேரைத் துழாவினால் 50 லட்சம் ஒப்பீட்டுக்கு மேல் போகும். அதோடு உங்களுக்கு வேண்டியது ஆளுக்கு ஒரு வரி. எனவே திசையைத் திருப்புங்கள்: உறுப்பினர் கோப்பிலிருந்து தொடங்கி, வரவுப் பதிவுகளுக்குக் கீ (எண்ணைத் தந்தால் அதற்கான பதிவுகளை நேராக எடுத்துத் தரும் அட்டவணை) போடுங்கள். டெம்ப்ளேட்டுக்கு வெளியே:

<எக்ஸ்எஸ்எல்:கீ நேம்="வர" மேட்ச்="பதிவு" யூஸ்="@உறுப்பினர்எண்"/>

1.0-இல் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கீ() நீங்கள் நிற்கும் கோப்பில் மட்டுமே தேடும். அதனால் முதலில் @எண்-ஐ ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டு, டாக்குமென்ட்('வரவு.எக்ஸ்எம்எல்') மீது ஒரு ஃபார்-ஈச் போட்டு அந்தக் கோப்புக்குள் போங்கள். உள்ளே சம்(கீ('வர', $எண்)/ரூபாய்) எழுதினால் ஆளுக்கு ஒரு தொகை வந்துவிடும். 2007-இல் வந்த 2.0-இல் கீ()க்கு மூன்றாவது ஆர்க்யுமென்டாகக் கோப்பையே தரலாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயர் வெற்றாக வந்தால் கண்ணில் படும். ஒருவருடைய வரவு விடுபட்டால் படாது. பட்டியலின் மொத்தத்தையும் வரவுக் கோப்பின் மொத்த ரூபாயையும் ஒப்பிடுங்கள். பணம் ஏறுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

கேட்டவர்

ஓட்டினேன். ஒப்பிட்டுப் பார்த்ததும் மொத்தம் குறைந்தது. 23 பேருக்கு 0 ரூபாய்! எல்லாரும் இந்த வருடம் சேர்ந்தவர்கள். கருவியில் 0397 என்று இருக்கிறது, உறுப்பினர் கோப்பில் 397 என்று தட்டியிருக்கிறார்கள்.

பதில் 2

கீ எழுத்தாகத்தான் ஒப்பிடும். அதற்கு 0397-உம் 397-உம் வேறு வேறு. யூஸ்="நம்பர்(@உறுப்பினர்எண்)" என்று போடுங்கள், வேரியபிளையும் நம்பர்(@எண்) ஆக்குங்கள். இரண்டு பக்கமும் 397 ஆகிவிடும். அப்புறம், பதிவே கிடைக்காத உறுப்பினர் வந்தால் எக்ஸ்எஸ்எல்:மெசேஜில் டெர்மினேட்="யெஸ்" வைத்து அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாடு வற்றி நிஜமாகவே ஊற்றாதவர் என்றால் பார்த்துவிட்டு, அவரை விலக்கி மறுபடி ஓட்டலாம்.

கேட்டவர்

மொத்தம் பைசா வரை சேர்ந்துவிட்டது. வங்கிக்கு அனுப்பும் முன் அந்த அம்மாவின் வரியை அவருடைய பால் அட்டையோடு வைத்து, 30 வேளையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. ரொம்ப நன்றி.