தமிழ்நாட்டின் கடன்: 4.85 லட்சம் கோடியிலிருந்து 9.30 லட்சம் கோடி. கட்சிகள் சொல்லும் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

வைகைக்கரை கேட்டது:

மாநில அரசின் கடன் பற்றி இரண்டு வாதங்கள் மோதிக்கொண்டே இருக்கின்றன. அதிமுக தரப்பில், 2021 மார்ச் 31 அன்று 4.85 லட்சம் கோடியாக இருந்த கடன் 2026 மார்ச் 31-இல் 9.30 லட்சம் கோடியாகும் என்று 2025-26 பட்ஜெட்டே மதிப்பிட்டது, எழுபது ஆண்டுகளில் சேர்ந்ததை ஐந்தே ஆண்டில் வாங்கிவிட்டார்கள் என்கிறார்கள். திமுக தரப்பில், தொகையைப் பார்க்கக் கூடாது, மாநில மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், 26.07 தான் என்கிறார்கள். இரண்டு எண்களும் பட்ஜெட் புத்தகங்களில் இருப்பவைதான்.

யார் பக்கம் நியாயம் என்பதை நானே முடிவு செய்துகொள்கிறேன். எந்தப் புத்தகத்தில் எந்த வரியைப் பார்ப்பது, எதை எதால் வகுப்பது, எந்த ஆண்டை எந்த ஆட்சியின் கணக்கில் எழுதுவது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:

மொத்தக் கடனை வைத்துத் தொடங்கினால் விவாதம் நகராது. விலைவாசி, சம்பளம், வரி வசூல் எல்லாமே ஏறும்போது கடன் தொகையும் ஏறத்தான் செய்யும். 2001, 2006, 2011, 2016, 2021 என்று எந்த ஆட்சிக் காலத்தின் முடிவை எடுத்தாலும் தொடக்கத்தைவிடக் கடன் கூடித்தான் இருக்கும். வாங்கிய கடன் எதற்குப் போனது என்பதே முதல் கேள்வி. அதற்கு மூன்று எண்கள் போதும்.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய் வரவு 3,31,569 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இடைவெளி 41,635 கோடி. இது வருவாய்ப் பற்றாக்குறை. இதோடு மூலதனச் செலவு (அரசுக்குச் சொத்து சேர்க்கும் செலவு) 57,231 கோடியையும், அரசு பிறருக்குக் கொடுக்கும் நிகரக் கடனையும் சேர்த்தால் நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. இனி 41,635-ஐ 1,06,963-ஆல் வகுங்கள். 38.9 சதவீதம் வரும். அதாவது புதிதாக வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே போகிறது.

இதே வகுத்தலை இறுதிக் கணக்கு வந்துவிட்ட ஆண்டுகளுக்குச் செய்து பாருங்கள். 2018-19-இல் வருவாய்ப் பற்றாக்குறை 23,459 கோடி, நிதிப் பற்றாக்குறை சுமார் 47,000 கோடி. 2023-24-இல் 45,121 கோடி, சுமார் 90,000 கோடி. இரண்டு ஆட்சியிலும் ஏறக்குறைய பாதி! 2020-21-இல் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அது கொரோனா ஆண்டு, அதை வைத்து யாரையும் எடை போட வேண்டாம்.

அடுத்து வட்டி. 2025-26-க்கு 70,754 கோடி மதிப்பிட்டிருக்கிறார்கள். வருவாய் வரவால் வகுத்தால் 21.3 சதவீதம். கடனுக்கும் உற்பத்திக்குமான விகிதத்தைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உற்பத்தி முழுவதும் அரசின் கைக்கு வருவதில்லை. வட்டியோ கைக்கு வந்த வரவிலிருந்துதான் கட்டப்படுகிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் 'கணக்குகள்', 'வரவு செலவுத் திட்ட மதிப்பீடு', 'திருத்திய மதிப்பீடு', அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று வரிசைகள் இருக்கும். 'கணக்குகள்' மட்டுமே நடந்து முடிந்தது. 2023-24-க்கு வருவாய்ப் பற்றாக்குறை 37,540 கோடி என்று மதிப்பிட்டார்கள்; முடிவில் 45,121. முந்தைய ஆட்சியில் 2020-21-க்கு மதிப்பீடு 21,618 கோடி, முடிவு 62,326. ஆகவே நான் மேலே சொன்ன 39 சதவீதத்தையும் இறுதிக் கணக்கு வரும்வரை மதிப்பீடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடம்:

பேரேடு சொன்ன வகுத்தல் சரி. ஆனால் எந்த ஆண்டை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்ற வரி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதைப் பின்னோக்கிப் பிரித்துப் பாருங்கள். 5,70,189 கோடியை 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால்தான் அந்த எண் வரும். 5,70,189 கோடி என்பது 2022 மார்ச் 31-இல் இருக்கப்போவதாக ஓ.பன்னீர்செல்வம் 2021 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் போட்ட மதிப்பீடு. அதிமுக ஆட்சி முடியும் தறுவாயில், 2021 மார்ச் 31-க்கு அதே பட்ஜெட் சொன்ன கடன் 4,85,503 கோடி. அதை வகுத்தால் குடும்பத்துக்குச் சுமார் 2.25 லட்சம். திட்டம் போட்டது முந்தைய ஆட்சி. அந்த ஓராண்டில் மே 7 முதல் கடன் வாங்கியது புதிய ஆட்சி. ஆகவே 2.63 லட்சம் முழுவதையும் பழைய ஆட்சியின் கணக்கில் எழுதுவது தப்பு.

எதிர்த்தரப்பும் இதே மாதிரி நழுவுகிறது. 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்து அறிவித்தார். பயனாளிகள் 16.43 லட்சம் விவசாயிகள். தள்ளுபடி என்றால் அரசு அந்தத் தொகையைக் கூட்டுறவு நிறுவனங்களுக்குக் கட்ட வேண்டும். அது ஒரே நாளில் நடக்காது, தவணை தவணையாகப் போகும். அறிவிப்பின் பெயர் ஒரு ஆட்சிக்கு, செலவு அடுத்த ஆட்சியின் புத்தகத்தில். 2017 அக்டோபரில் அறிவித்த ஊதிய உயர்வும் அப்படியே. ஆண்டுக்கு 14,719 கோடி கூடுதல் செலவு என்று அன்று சொன்னார்கள். எந்தக் கட்சி வந்தாலும் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

விகிதம் பற்றியும் ஒன்று. 2021 பிப்ரவரி பட்ஜெட் 2021 மார்ச்சுக்கு 24.98 சதவீதம் என்றது. அது உற்பத்தியைச் சுமார் 19.4 லட்சம் கோடியாகக் கணித்துப் போட்ட சதவீதம். பிறகு வந்த புள்ளிவிவரத்தில் அந்த ஆண்டின் உற்பத்தி 18 லட்சம் கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கடனை அதால் வகுத்தால் 27-ஐத் தாண்டுகிறது. மேலே உள்ள எண்ணான கடன் மாறவில்லை, கீழே உள்ள எண்ணான உற்பத்திதான் மாறியது. எனவே 'அன்று 24.98, இன்று 26.07, ஏறிவிட்டது' என்பதும் '27-லிருந்து 26-க்கு இறக்கிவிட்டோம்' என்பதும் ஒரே தரவிலிருந்து கிளம்பும் வாதங்கள். ஒப்பிடுவதானால் எல்லா ஆண்டுகளுக்கும் இன்றைய தேதியில் உள்ள ஒரே உற்பத்தி வரிசையை எடுங்கள். 2004-05 அடிப்படை ஆண்டு வரிசையையும் 2011-12 வரிசையையும் கலக்காதீர்கள்.

மின்மாற்றி:

இருவரும் மின்வாரியத்தைத் தொடவில்லை. அதை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டின் கடனைப் பேசவே முடியாது.

மின் விநியோக நிறுவனங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்கும் ஒன்றிய அரசுத் திட்டம் உதய். 2017 ஜனவரியில் தமிழ்நாடு அதில் சேர்ந்தது. மின்வாரியத்தின் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. வரைபடம் போட்டால் 2016-17-இல் ஒரு செங்குத்தான ஏற்றம் தெரியும். அது அந்த ஆண்டு புதிதாகச் செய்த செலவில்லை, வாரியத்தின் பேரேட்டில் கிடந்த பழைய சுமை அரசின் பேரேட்டுக்கு வந்தது. அதற்கு முன்பும் அந்தக் கடன் இருந்தது; அரசின் கணக்கில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இழப்பு எப்படிச் சேர்ந்தது? 2014 டிசம்பரில் கட்டணம் உயர்த்தினார்கள். அடுத்த உயர்வு 2022 செப்டம்பரில். நிலக்கரி, வட்டி, வெளியில் வாங்கும் மின்சாரம் எல்லாம் ஏறியிருக்க, ஏறக்குறைய எட்டு ஆண்டு கட்டணம் நின்ற இடத்திலேயே நின்றது. இடையில் 2016 மே மாதம் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. இலவசத்துக்கான தொகையை அரசு மானியமாக வாரியத்துக்குக் கட்டுகிறது, அது பட்ஜெட்டில் தெரியும். தெரியாதது, ஒரு யூனிட்டை அடக்கவிலைக்குக் கீழே விற்பதால் வரும் நஷ்டம். அதை வாரியம் கடன் வாங்கி அடைத்தது. பெரும் பகுதிக்கு அரசு உத்தரவாதம், அதாவது வாரியம் கட்டத் தவறினால் அரசு கட்டும் என்ற உறுதி.

ஆகவே சரிபார்க்கும்போது 'உத்தரவாதங்கள்' அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்சியில் அரசுக் கடன் குறைவாகவும் உத்தரவாதம் அதிகமாகவும் இருந்தால், சுமை இடம் மாறியிருக்கிறது என்றுதான் பொருள். இன்னொரு பக்கம், அண்மை ஆண்டுகளில் வாரியத்தின் இழப்பை அரசே ஈடுகட்டுவதால் அது வருவாய்ச் செலவில் நேரடியாக ஏறுகிறது. மறைந்திருந்தது வெளியே வந்ததை 'செலவு கூடிவிட்டது' என்று படிப்பதும் பிழை.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள். மகளிர் உரிமைத் தொகைதான் பற்றாக்குறைக்குக் காரணம் என்ற வாதத்தை எப்படிச் சோதிப்பது? டாஸ்மாக் வருமானம் பற்றி ஒவ்வொருவர் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறார்களே, ஏன்?

பேரேடு:

முதலாவதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். 1.15 கோடி மகளிர், மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. பெருக்கினால் 13,800 கோடி. பட்ஜெட்டில் 13,807 கோடி, சரியாக இருக்கிறது. வருவாய்ச் செலவில் இது 3.7 சதவீதம். வருவாய்ப் பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்கு. திட்டத்தையே நிறுத்தினாலும் சுமார் 27,800 கோடி பள்ளம் மிச்சமிருக்கும். 2013-14 முதல் ஒவ்வோர் ஆண்டும் வருவாய்ப் பற்றாக்குறைதான். இந்தத் திட்டம் தொடங்கியது 2023 செப்டம்பர் 15. பத்து ஆண்டு முன்பே வந்த நோய்க்கு இது காரணமாக முடியாது, கனத்தைக் கூட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம். 2011-12, 2012-13 இரண்டு ஆண்டும் சிறு உபரி இருந்ததையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

டாஸ்மாக் பணம் பட்ஜெட் கணக்கில் இரண்டு தலைப்பில் வருகிறது, ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எண் உண்டு. ஆயத்தீர்வை 0039-இல், மதிப்புக் கூட்டு வரி 0040-இல். மது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை என்பதால் இரண்டாவது இன்னும் இருக்கிறது. ஆயத்தீர்வையை மட்டும் பார்ப்பவர் குறைத்துச் சொல்வார். இரண்டும் சேர்ந்து 2023-24-இல் 45,855 கோடி, 2024-25-இல் 48,344 கோடி. 0040-இல் பெட்ரோல், டீசல் வரியும் கலந்திருக்கிறது. அந்தத் தலைப்பை முழுதாக மதுவின் பேரில் எழுதிவிடாதீர்கள்.

கொள்ளிடம்:

பேரேடு அவர்களே, ஒரு மறுப்பு. 'அன்றாடச் செலவுக்குக் கடன்' என்று நீங்கள் எழுதியதைப் படிப்பவர் வருவாய்ச் செலவு எல்லாமே கரியான காசு என்று எடுத்துக்கொள்வார். ஆசிரியர் சம்பளம் (2202) வருவாய்ச் செலவு. அரசு மருத்துவமனை மருந்தும் வருவாய்ச் செலவு. அதைவிட முக்கியம், அரசு பிறருக்கு மானியமாகக் கொடுக்கும் தொகையை, அதைக் கொண்டு கட்டடமே கட்டினாலும், கணக்கு விதிப்படி வருவாய்ச் செலவாகத்தான் எழுத வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் கொடுத்தால், ஊரில் கான்கிரீட் வீடு நிற்கும். கணக்கில் மூலதனம் ஏறாது, ஏனென்றால் வீடு அரசின் சொத்தல்ல. ஊராட்சிக்குக் கொடுக்கும் மானியமும் அப்படித்தான்.

பேரேடு:

ஒப்புக்கொள்கிறேன், அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. 39 சதவீதத்தில் மானியமாகப் போய்ச் சொத்தான பகுதியும் உண்டு. சோதிக்க விரும்புவோர் தலைப்பு எண்களைப் பாருங்கள்: 2000 முதல் 3999 வரை வருவாய்ச் செலவு, 4000 முதல் 5999 வரை மூலதனம், 6000, 7000 வரிசைகள் கடன். வருவாய்த் தலைப்புகளுக்குள் 'உதவித் தொகைகள்' என்ற செலவினத்தைத் தனியாகக் கூட்டினால் ஓரளவு பிரிக்கலாம். ஓய்வூதியம் 2071, வட்டி 2049. இவை இரண்டையும் எந்த அரசாலும் ஒரே ஆண்டில் குறைக்க முடியாது.

மின்மாற்றி:

கடன் தொகையை ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் இரண்டு கழித்தல்களை மறக்காதீர்கள். ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குப் பதிலாக ஒன்றிய அரசு கடனாகக் கொடுத்த தொகை, தமிழ்நாட்டுக்கு 2020-21-இல் 6,241 கோடி, 2021-22-இல் 8,095 கோடி. இது கணக்கில் கடனாக நின்றது. ஆனால் அடைக்கும் பொறுப்பு ஒன்றிய அரசுடையது, ஜிஎஸ்டி மேல்வரி வசூலிலிருந்து. இரண்டாவது, மூலதனச் செலவுக்கென்று ஒன்றிய அரசு தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். இது திருப்ப வேண்டியதுதான், ஆனால் வட்டிச் சுமை இல்லை.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தையும் கவனியுங்கள். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. 2024 அக்டோபர் 3-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை அது மாநிலத் திட்டமாக நடந்தது, சுமை மாநிலத்தின் தோளில். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் மூலதனச் செலவை ஒப்பிடும்போது இந்த மாற்றத்தை அடிக்குறிப்பாகவாவது போடுங்கள்.

கொள்ளிடம்:

இன்னொன்று, 'செலவழித்தோம்' என்ற சொல்லைப் பற்றி. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில், ஒதுக்கீடு காலாவதியாகிவிடக் கூடாது என்று பணத்தை எடுத்துத் துறை அல்லது நிறுவனத்தின் வைப்புக் கணக்கில் போட்டுவிடும் வழக்கம் உண்டு. ஒதுக்கீட்டுக் கணக்கில் அது செலவு. ஊரில் வேலை தொடங்கியிருக்காது. சிஏஜி-யின் (இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர்) மாநில நிதி அறிக்கையில் வைப்புத்தொகைகள் பகுதியைத் திறந்து, 8443 தலைப்பில் ஆண்டின் தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் கழித்துப் பாருங்கள். இருப்பு வளர்ந்துகொண்டே போனால், அந்தத் துறை அமைச்சர் சொல்லும் செலவுத் தொகையை நடந்த வேலையோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.