பழைய கொம்பியூட்டரைத் திருத்திறதா, விட்டிட்டு வேற வாங்கிறதா? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வணக்கம், ஒட்டுசுட்டான் பக்கம் சின்னதா ஒரு கொமினிகேசன் வச்சிருக்கிறன். போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் போம் நிரப்பிறது, கலியாணக் காட், கல்வெட்டு (செத்த ஆக்களின்ர நினைவுப் புத்தகம்) எல்லாமே ஒரே ஒரு கொம்பியூட்டரில தான் ஓடுது. 2014 இல வாங்கினது, ஐ3 நாலாம் ஜெனரேசன், 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹாட்டிஸ்க். வவுனியாவில வாங்கி கேசிங்கை மடியில வச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தனான், மொனிற்றரை கொண்டக்டர் தம்பி தன்ர சீட்டுக்குப் பின்னால செருகித் தந்தவர். அந்த நேரம் எங்கட பக்கத்தில அது பெரிய மிசின்.

இப்ப காலமை கடையைத் திறந்து ஒன் பண்ணிப்போட்டு, முத்தம் கூட்டி, சாமிப்படத்துக்கு பூ வச்சு, எதிர்க்கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் உந்த வட்டம் சுத்திக்கொண்டே நிக்கும். 2023 இல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசுக்கு மேன்முறையீடு ஒன்லைனில போடச் சொன்ன நேரம் வாசல் வரைக்கும் சனம், வெயிலுக்க வயசுபோன ஆக்கள் நிக்கினம், இஞ்ச குறோமில ரெண்டு பக்கம் திறந்தா மூண்டாவது திறக்குதில்லை, ஒரு ஐயா "தம்பி உதுக்கும் வயசு போட்டுது போல" எண்டார். சிரிச்சிட்டு விட்டன், ஆனா அண்டைக்கு இரவு நித்திரை இல்லை.

புதுசு வாங்குவம் எண்டு விலை கேட்டால் தலை சுத்துது. 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் ஏறினாப் பிறகு கொம்பியூட்டர் சாமான் ஒண்டும் பழைய விலைக்கு இறங்கேல்லை. சரி, திருத்துவம் எண்டு ஒரு கடையில குடுத்தன், கடைப் பேர் வேண்டாம். "றாம் காணாது அண்ணை" எண்டு இன்னொரு 4 ஜிபி போட்டுத் தந்தாங்கள். காசைக் குடுத்திட்டு வந்து போட்டுப் பாத்தா குறோம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனா ஒன் பண்ணிறதுக்கு அதே தேத்தண்ணி நேரம் தான். இது தான் நான் விட்ட பிழை, எது பிழை எண்டு பாக்காமலே மருந்து வாங்கினது.

பிறகு கிளிநொச்சி அறிவியல் நகரில இஞ்சினியரிங் படிக்கிற மருமகன் முறையான பெடியன் ஒருக்கா வந்தவன். வந்தவுடன டாஸ்க் மனேஜரைத் திறந்தான். சிபியு 7 வீதம், டிஸ்க் 100 வீதம். ஒண்டும் செய்யாமல் சும்மா நிக்கேக்கயே 100. "மாமா, மாடு நல்லாத்தான் இருக்கு, வண்டில் சில்லு இறுகிப்போச்சு" எண்டான். கிறிஸ்டல்டிஸ்க்இன்போ எண்டு ஒரு சின்ன சொப்ட்வெயார் போட்டுப் பாத்தா மஞ்சள் நிறத்தில எச்சரிக்கை. 05 எண்டு ஒரு வரி, சி5 எண்டு ஒரு வரி. பழுதான இடத்தை விட்டு வேற இடத்துக்கு மாத்தினது எத்தினை, வாசிக்கேலாமல் தொங்கிக்கொண்டு நிக்கிறது எத்தினை எண்டு அதில தெரியும். ரெண்டும் பூச்சியமா இருக்கோணுமாம். எனக்கு ரெண்டும் ஏறிப்போய் நிண்டது.

அப்பதான் எனக்கு கை கால் குளிர்ந்தது. மிசினுக்காக இல்லை. அந்த டிஸ்க்குக்குள்ள ஒம்பது வருசக் கல்வெட்டு கிடக்கு. 2009 இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனத்திட்ட அல்பம் எங்க இருக்கு? கல்வெட்டுக்கு படம் கேட்டா பழைய அடையாள அட்டையைக் கொண்டு வருவினம், சிலபேர் ஆரோ எடுத்த குறூப் போட்டோவில மூலையில நிக்கிற தலையைக் காட்டுவினம். அதை ஸ்கான் பண்ணி, கோடு கீறலெல்லாம் போட்டோசொப்பில ஒவ்வொண்டா அழிச்சு, சேட் கொலர் வச்சுக் குடுப்பன். பிறகு ஒரு வருசம் கழிச்சு "தம்பி அந்தப் படம் இருக்கோ, பெரிசா அடிக்க வேணும்" எண்டு வருவினம். அதின்ர ஒறிஜினல் என்ர கொம்பியூட்டரில தான் இருக்கு, வேற ஒரு இடத்திலயும் இல்லை. இதை ஒருநாளும் நான் யோசிச்சதே இல்லை, கெட்டித்தனம் பாருங்கோ.

ரெண்டு இரவு கொப்பி பண்ணினம். டிஸ்க் இடைக்கிடை டிக் டிக் எண்டு சத்தம் போட்டு நிண்டு நிண்டு ஓடுது. பெடியன் முதல் முக்கியமான போல்டர்களை மட்டும் எடுத்தான், முழு டிஸ்க்கையும் ஒரேயடியா குளோன் பண்ண வெளிக்கிட்டா பழுதான இடத்தில இறுகி நிண்டிடும், அதுக்குள்ள டிஸ்க் செத்தால் ஒண்டும் மிஞ்சாது எண்டான். 2017 ஆம் ஆண்டு போல்டர் ஒண்டில 11 படம் திறக்கேல்லை. மிச்சம் வந்திட்டுது.

பிறகு 240 ஜிபி எஸ்எஸ்டி (உள்ளுக்க சுத்தாத, வேகமான டிஸ்க்) ஒண்டு வாங்கிப் போட்டு வின்டோஸை புதுசா ஏத்தினம். இதிலயும் ஒரு விசயம், என்ர எச்81 மதர்போட்டில டிஸ்க் வயர் குத்திற சாட்டா வாய் நாலு இருக்கு, அதில ரெண்டு தான் வேகமான 6 ஜிகாபிற், மற்ற ரெண்டும் 3. நாங்கள் முதல் பிழையான வாயில குத்தி வச்சிருந்தம். இப்ப ஒன் பண்ணினா அரை நிமிசத்துக்குள்ள வந்திடும், அதே மிசின், அதே 2014.

ஆனா பிரச்சினை முடியேல்லை. வின்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட சப்போட் நிண்டிட்டுது. 11 க்கு இன்ரெல் எண்டால் எட்டாம் ஜெனரேசனில இருந்து தான் முறைப்படி எடுக்கும், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதியும் கேக்கும். என்ரயில சரிவராது. மேலதிக பாதுகாப்பு அப்டேட் எண்டு பதிஞ்சு வச்சிருக்கிறன், அதுவும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் தான். சனத்தின்ர அடையாள அட்டை நம்பர், பாஸ்வேட் எல்லாம் அடிக்கிற மிசின் இது. இன்னும் செலவழிக்கிறதா, வேற எடுக்கிறதா? நீங்கள் என்ன செய்தனீங்கள்?

* * *

மல்லாவியில இருந்து, நான் ஒரு ரீச்சர். அண்ணை உங்களுக்கு திருத்த வழி இருந்திருக்கு, எனக்கு அதுவும் இல்லை. 2020 கொரோனா நேரம் சூமில படிப்பிக்க எண்டு விலை குறைஞ்ச லப்டொப் ஒண்டு வாங்கினன், செலரோன், 4 ஜிபி, 64 ஜிபி. பாக்க வடிவு, மெல்லிசு, தோளில போட்டுக்கொண்டு போகலாம். ரெண்டு வருசத்தில வின்டோஸ் அப்டேட் வந்தா இடம் காணாது எண்டு நிக்கும், படம் எல்லாம் அழிச்சன், பிறகும் காணாது. திருத்திற தம்பியிட்ட குடுக்க அவர் பின் மூடியைக் கழட்டி எனக்குக் காட்டினவர். றாமும் போட்டோட ஒட்டு, அந்த 64 ஜிபியும் போட்டோட ஒட்டு, கழட்ட ஒண்டுமே இல்லை. "ரீச்சர் இது பிஸ்கற் பெட்டி மாதிரி, முடிஞ்சா எறியிறது தான்" எண்டார். வாங்கேக்க இதை ஒருத்தரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. இப்ப தவணைக் காசில புதுசு ஒண்டு. வாங்கிறதுக்கு முதல் நான் கடைக்காரரைக் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை, மூடியைக் கழட்டினா என்ன மாத்தலாம் எண்டது தான்.

* * *

புதுக்குடியிருப்பு. நான் கொம்பியூட்டர் திருத்திற வேலை தான் செய்யிறனான், அதால கொஞ்சம் நீட்டுவன், குறை நினைக்காதேங்கோ.

ஸ்லோ எண்டு கொண்டுவாற மிசினை நான் முதல் முத்தத்துக்கு கொண்டுபோய்த்தான் திறக்கிறனான். கிறவல் றோட்டுப் புழுதி, சிவப்பா மெத்தை மாதிரி விசிறிக்குள்ள படிஞ்சிருக்கும். சூடு ஏறினா புறொசசர் தன்னைக் காப்பாத்த தானாவே வேகத்தைக் குறைச்சிடும், சனம் அதை வைரஸ் எண்டு நினைக்கும். புழுதியை ஊதி, காய்ஞ்சுபோன தேர்மல் பேஸ்ரை வழிச்சு புதுசு பூசினா சிலது அந்த இடத்திலயே சரி, அதுக்கு நான் எடுக்கிறது ஒரு சாப்பாட்டுக் காசு. பவர் சப்ளைக்குள்ள பல்லி முட்டை கண்டிருக்கிறன், பல்லி கருகி ஒட்டினதும் கண்டிருக்கிறன். சிவத்த எறும்பு போனமுறை மாரிக்கு ஒரு பிறின்ரருக்குள்ள குடும்பமா குடியிருந்தது, அது வேற கதை.

ஒவ்வொரு நாளும் திகதி பிழைச்சு, இன்ரநெற் பக்கம் ஒண்டும் திறக்காட்டி உடன பயப்பிடாதேங்கோ, மதர்போட்டில இருக்கிற சிஆர்2032 எண்ட காசு மாதிரி பற்றறி செத்திருக்கும். திகதி பழசுக்குப் போனா பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்காது. அதை மாத்த எத்தினை ரூபா போகும் சொல்லுங்கோ, அதுக்கும் "போட் பழுது" எண்டு காசு புடுங்கின ஆக்கள் இருக்கினம்.

ஆனா ஒரு இடத்தில நான் வேண்டாம் எண்டுவன். போட்டில கப்பாசிற்றர் எண்ட சின்ன உருளையளின்ர தலை வீங்கி நிண்டா, இல்லாட்டி இடி இழுத்த மிசின் எண்டா, அதுக்கு எஸ்எஸ்டி வாங்கிப் போடாதேங்கோ. முள்ளியவளையில ஒரு ஆள், சித்திரை மழை இடியில கரண்ட் பிளக்கை எல்லாம் கழட்டிப்போட்டு றவுட்டர் வயரை மட்டும் விட்டவர், அதுக்குள்ளால வந்து போட்டின்ர பாதியைத் தின்னிட்டுது. ஓடுது தான், ஆனா எப்ப நிக்கும் எண்டு தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் காசு போட்டார், மூண்டு மாதம்.

ஒட்டுசுட்டான் அண்ணை, உங்கட போட்டைத் திறந்து பாருங்கோ, வீக்கம் இல்லையெண்டா அது இன்னும் ஓடும்.

* * *

மாங்குளம். எனக்கு உந்த ஆராய்ச்சி ஒண்டும் வேண்டாம் ராசா, நெல்லு வித்த காசில புதுசு எடுத்தன், மனுசி இண்டைக்கும் பேசுறா, ஆனா மிசின் பேசாமல் வேலை செய்யுது.

* * *

பரந்தன், கம்பஸ் படிக்கிறன். செக்கண்ட் ஹான்ட் எடுக்கப்போற ஆக்களுக்காக எழுதுறன். கொம்பனிகள் பாவிச்சு விட்ட திங்பாட், லற்றிறியூட், எலைட்புக் மாதிரியான லப்டொப் நல்லது தான், றாம், டிஸ்க் ரெண்டும் கனக்க மொடலில மாத்தலாம். ஆனா நான் முதல் எடுத்தது பாத்து எடுக்கேல்லை. கடையில சார்ஜரோட ஓடவிட்டு காட்டினவை. வீட்ட வந்து கழட்டினா 20 நிமிசம். பிறகு தான் படிச்சன், கொமாண்ட் விண்டோவில பவர்சிஎப்ஜி போட்டு பற்றறி றிப்போட் எடுத்தா செய்யேக்க எவ்வளவு கொள்ளும், இப்ப எவ்வளவு கொள்ளுது எண்டு ரெண்டு நம்பர் வரும், பாதிக்கும் கீழ எண்டா பற்றறி விலையைக் கழிச்சுக் கேளுங்கோ. பயோஸுக்குள்ள (வின்டோஸ் வர முதல் திறக்கிற செற்றிங் பக்கம்) போக விடுதோ, பாஸ்வேட் கேக்குதோ எண்டு கடையிலயே பாருங்கோ, என்ரயில பழைய கொம்பனிக்காரன்ர பாஸ்வேட் கிடந்து யூஎஸ்பியில பூட் பண்ணவே ஏலாமல் போச்சு. எட்டாம் ஜெனரேசன் எண்டு வாயால சொல்லுவினம், ஸ்டிக்கரை நம்பாமல் சிஸ்டம் பக்கத்தில பாருங்கோ, ஐ5 க்குப் பிறகு வாற நம்பர் 8 இல தொடங்கோணும், 6300 எண்டு இருந்தா அது ஆறாவது.

* * *

கனகராயன்குளம். நான் பழைய லப்டொப்புக்கு வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் போட்டன், பிள்ளையள் படிக்க, வீடியோ பாக்க காணும், காசு ஒண்டும் இல்லை. ஆனா அண்ணை, நீங்கள் கடைக்கு யோசிக்காதேங்கோ. பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச பேஜ்மேக்கர் பைல் எல்லாம் அதில அப்பிடியே திறக்காது, நான் மூண்டு நாள் மினக்கெட்டு விட்டிட்டன்.

* * *

எல்லாருக்கும் நன்றி. புதுக்குடியிருப்பு அண்ணை சொன்ன மாதிரி போட்டைத் திறந்து டோச் அடிச்சுப் பாத்தன், வீக்கம் ஒண்டும் இல்லை, பல்லி எச்சம் தான். அதால பழையதை எறியேல்லை, இன்ரநெற் வயரைக் கழட்டிப்போட்டு பாமினி டைப்பிங், காட், கல்வெட்டுக்கு மட்டும் விடப்போறன். ஒன்லைன் போம் வேலைக்கு எட்டாம் ஜெனரேசன் லப்டொப் ஒண்டு செக்கண்ட் ஹான்ட் எடுக்கிற யோசினை. படங்களை வெளி ஹாட்டிஸ்க் ஒண்டில போட்டு வீட்டு அலுமாரியில வச்சிட்டன், இன்னொரு கொப்பி மருமகனிட்ட.

பழைய 500 ஜிபி டிஸ்க்கும் லாச்சிக்குள்ள கிடக்கு. அந்த 11 படத்தில ஒண்டு ஒரு அம்மாவின்ர மகன்ர. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. டேற்றா எடுத்துக் குடுக்கிற நம்பிக்கையான ஆக்கள் வவுனியாவிலயோ யாழ்ப்பாணத்திலயோ ஆரும் தெரிஞ்சா சொல்லுங்கோ, வியாழக்கிழமை லப்டொப் பாக்க வவுனியா போறன், டிஸ்க்கையும் கொண்டு போவன்.