போர் கண்டவரும் கூத்துக் கட்டியவருமான தாத்தாவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கேள்வி (பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு பேத்தி)

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பங்கேற்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். தெருக்கூத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று ஊரறிந்தது. பணியில் இருந்தபோதே ஆண்டு விடுப்பைத் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டி வாங்கிக்கொண்டு வந்து வேடம் கட்டுவாராம். ஓய்வுக்குப் பின் வயதும் முழங்கால் வலியும் தடுக்கும்வரை துரியோதனன் வேடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்குள் ஒரு சிறு நூல் அச்சிட விரும்புகிறோம். போரைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. டிரங்குப் பெட்டியில் மூன்று பதக்கங்களும், அவர் கையெழுத்தில் கூத்துப் பாட்டுகள் நிறைந்த ஒரு நோட்டும் இருக்கின்றன. போரில் வீழ்பவனின் வேடத்தையே அவர் விரும்பியதற்கும் அவர் கண்ட போருக்கும் தொடர்பு உண்டு என்று எழுதலாமா?

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார், கிருஷ்ணகிரி)

அம்மா, பதக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றுள் பூர்வி ஸ்டார் இருந்தால் அவர் கிழக்கு முனையிலும், பஷ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனையிலும் பணியாற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம். சங்கராம் மெடல் 1971 போர்க்காலப் பணிக்காகப் பரவலாக வழங்கப்பட்டது. அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும், கண்ணாடி வைத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பாட்டியின் குடும்ப ஓய்வூதிய ஆணையையும் எடுத்துக்கொண்டு தருமபுரியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சென்றால், வெல்லிங்டனில் இருக்கும் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று வழிகாட்டுவார்கள். அவர் எந்த பட்டாலியன் என்பது உறுதியாகாமல் எந்தச் சண்டையின் பெயரையும் எழுதிவிடாதீர்கள். 1971 டிசம்பரில் நடந்த அந்தப் போரைப் பற்றிய நூல்களிலிருந்து வீரச் செயல்களை எடுத்து அவர் பெயரில் ஏற்றுவது, பேசாமல் இருந்த மனிதருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. பராகானா எனப்படும் படைப்பிரிவு விருந்து நாட்களில் பாட்டும் ஆட்டமும் தெரிந்த ஜவான்களை மேடையேற்றுவது வழக்கம் என்பதால், உடன் பணியாற்றியவர் எவரேனும் கிடைத்தால், அங்கே அவர் ஆடினாரா என்றும் கேளுங்கள்.

பதில் (கூத்துக் கலைஞர், காவேரிப்பட்டினம் பக்கம்)

சுபேதார் ஐயா சொன்னது சரி. வேடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். யாருக்கு எந்த வேடம் என்பதைக் குரலும் உடற்கட்டும் பார்த்து வாத்தியார்தான் பெரும்பாலும் முடிவு செய்வார். துரியோதனனுக்கு எட்டுக்கட்டைக் குரலும், கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூட்டிக்கொண்டு விடியும்வரை கிறுக்கி என்னும் சுழலாட்டம் சுற்றும் வலுவும் வேண்டும். அந்த அணிகலன்களை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள் என்றாலும், இரவு முழுவதும் சுமப்பது எளிதன்று. இராணுவத்தில் உரம் ஏறிய உடம்பு அதற்குப் பொருந்தியிருக்கும். ஆகவே போரின் துயரத்தால்தான் அவர் துரியோதனன் ஆனார் என்று நீங்களாக எழுத வேண்டாம்.

ஆனால் படுகளத்தை நன்றாக விரித்து எழுதுங்கள். இரவு முழுதும் பாரதப் போரின் கடைசி நாள் கதையான பதினெட்டாம் போர் ஆடிய பின், வெயில் ஏறும் நேரத்தில், தரையில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய உருவத்தைச் சுற்றித் துரியோதனனும் வீமனும் மோதுவதும், தொடை பிளந்த பின் பாஞ்சாலி கூந்தல் முடிப்பதும் ஊரார் முன் நடக்கின்றன. அங்கே அவர் எந்த விருத்தம் பாடினார், பின்பாட்டு யார், மிருதங்கமும் முகவீணை என்னும் ஊதுகருவியும் யார் என்பவையே அவருடைய வரலாறு. பழைய சகாக்களிடம் ஆண்டைக் கேட்டால் திகைப்பார்கள். நோட்டில் உள்ள ஒரு பாட்டின் முதலடியைப் பாடிக் காட்டுங்கள், ஊரும் ஆளும் தானாக வரும். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, ஆவணங்களுக்குக் காத்திராமல் குரல் பதிவை முதலில் செய்யுங்கள்.

பதில் (தமிழாசிரியர், ஊத்தங்கரை)

நம் பகுதி நடுகற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் பாருங்கள். அரசன், ஆட்சியாண்டு, வீரன் பெயர், ஆநிரை மீட்டுப் பட்டான் என்ற செய்தி ஆகியவற்றைச் சில வரிகளில் சொல்லி நிறுத்துகின்றன. நூலில் போர்ப் பகுதியும் அந்த அளவில் இருக்கலாம். பாட்டு நோட்டை எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அச்சிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒன்று பஷ்சிமி ஸ்டார், ஒன்று சங்கராம். மூன்றாவதைத் துடைத்துப் பார்க்க வேண்டும். முகவீணைக்காரர் பாப்பாரப்பட்டி அருகில் இருக்கிறார் என்று பாட்டி சொல்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுடன் அவரிடம் போகிறேன்.