மறுமொழி: சைலேஜுக்குப் போடும் பற்றீரியா – ‘புற்பிரை’ சரிவருமா?

> ‘நுண்ணுயிர்ச் சேர்மானம்’ என்றே போட்டுவிடலாம், கையேடு அச்சுக்குப் போக வேண்டும்.

அண்ணை, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கிற பசும்புல்தான் சைலேஜ்; அதில் தெளிக்கும் பற்றீரியாத் தூளுக்குக் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் போடுவது என்பதுதான் நம் கேள்வி. அவசரம் விளங்குகிறது. ஆனால் சேர்மானம் என்றால் மொலாசஸும் (சீனி ஆலைக் கழிவுப்பாகு) சேர்மானம்தான், உப்பும் சேர்மானம்தான், அமிலமும் அப்படித்தான். பசுந்தீவனத்தில் அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்த பின்லாந்தின் விர்த்தனனுக்கு 1945இல் வேதியியல் நோபலே கிடைத்தது, அதில் உயிருள்ள பொருள் எதுவும் இல்லை. நாம் பெயர் தேடுவது உயிரோடு இருந்தால் மட்டும் வேலை செய்கிற ஒன்றுக்கு. அதைச் சொல்லாத பெயர் எதற்கு?

மாங்குளம் பக்கம் நான் கேட்டவரை ‘சைலேஜ் மருந்து’ என்றுதான் சொல்கிறார்கள், அது இன்னும் மோசம். மருந்து என்றதும் மாட்டுக்குப் பருக்குவதா என்று கேட்கிறார்கள், பக்கற்றைத் தகரக் கொட்டிலில் வெயில் காய விட்டுவிட்டுத் திகதி முடியவில்லைத்தானே என்கிறார்கள். அந்தச் சூட்டில் பற்றீரியா செத்துப்போயிருக்கும், தூள் மட்டும் மிச்சம்.

‘நொதியூட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் பாடப்புத்தகத்தில் நொதியம் என்றால் என்சைம், அது வேறு பொருள், சில பக்கற்றுகளில் பற்றீரியாவோடு நொதியமும் கலந்து வருவதால் குழப்பம்தான் மிஞ்சும். ‘உறை’ எனக்கும் பிடித்தது, தயிருக்கு உறைமோர் விடுவது போன்ற காரியம்தானே இது. ஆனால் சைலேஜ் அடைக்கும் பொலித்தீன் பையும் உறைதான். “உறையைக் கட்டுமுன் உறையைத் தெளிக்கவும்” என்று அச்சடித்தால் சிரிப்பார்கள்.

அதனால்தான் பிரை. உறைமோருக்கு அதுவும் பழைய பெயர், நம் பேச்சில் குறைவு என்பதால் வேறு அர்த்தம் ஒட்டியிருக்கவில்லை. எழுத்தில் புற்பிரை, வாயில் புல்லுப்பிரை. சைலேஜ் சைலேஜாகவே இருக்கட்டும், ‘ஊறுகாய்ப்புல்’ என்றால் உப்பை அள்ளிப் போடுவார்கள்.

இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லலாம். பிளான்ராரம் வகைப் பற்றீரியா புல்லிலுள்ள சர்க்கரையை வேகமாக லக்டிக் அமிலமாக்கும், அது ‘புளிப்புப் பிரை’. புக்னெரி வகைப் பற்றீரியா மெதுவாக அசற்றிக் அமிலமும் உண்டாக்கி, திறந்த பிறகு மதுவமும் (ஈஸ்ட்) பூஞ்சணமும் கிளம்பாமல் தடுக்கும், அது ‘காப்புப் பிரை’. வன்னி வெயிலுக்கு இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது இல்லாவிட்டால், சைலேஜ் பீப்பாவைத் திறந்து மறுநாள் கையை உள்ளே விட்டால் சுடும், மேலே வெள்ளை படியும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆனால் காப்புப் பிரை வேலை காட்ட ஒன்றரை இரண்டு மாதம் மூடியே கிடக்க வேண்டும்.

> ‘பால்பெருக்கி’ என்றால் சனம் வாங்கும்.

வாங்கும், பிறகு ஏசும். பற்றீரியா பால் சுரக்க வைப்பதில்லை, தீனின் சத்தைக் காப்பாற்றுகிறது, மாடு விரும்பித் தின்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கிலேயே கூடுதல் பால் மாடொன்றுக்கு நாளுக்கு அரை லீற்றருக்கும் குறைவு. மாரியில் வெட்டிய புல்லை ஆவணி வரட்சியில் போட முடிந்தால், வற்றுகிற பால் வற்றாமல் இருப்பதுதான் இங்கே லாபம்.

– – –

தம்பி, பிரைக்குச் சம்மதம். ஆனால் நாம் வெட்டுகிற கோ-3 தீவனப்புல்லில் ஈரம் கூட, சர்க்கரை குறைவு. வாட்டாமல், மொலாசஸ் போடாமல் எந்தப் பிரை தெளித்தாலும் சாணி நாற்றம்தான் வரும். ‘பிரை’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு அது மட்டும் போதும் என்று நினைக்க மாட்டார்களா?

– – –

நினைப்பார்கள் அண்ணை. பெயரில் அதை அடைக்க முடியாது, வரியில் எழுதுவோம். கையேட்டுக்கு இப்படிப் போடவா:

“வாட்டி நறுக்கிய புல்லில் மொலாசஸ் கலந்தபின் புற்பிரை தெளிக்கவும். குளோரின் போட்ட தண்ணீரில் கரைக்க வேண்டாம். கரைத்ததை அன்றைக்கே முடிக்கவும்.”

‘தெளிக்கவும்’ சரியா, ‘விசிறவும்’ நல்லதா? பூவாளியால்தான் செய்கிறார்கள்.