டாப்பட் சத்தம் நின்ற பிறகு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

நான்: மாமா, என் பழைய ஸ்பிளெண்டர் பைக்கில், வால்வைத் தள்ளுகிற டாப்பட்டின் சத்தம் அதிகம் என்று போன வாரம் ஒரு பட்டறையில் காட்டினேன். பாபநாசம் போய் வந்த சூட்டோடேயே மூடியைக் கழற்றித் திருகினார்கள், சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் நேற்றிலிருந்து காலையில் இருபது உதை உதைத்தாலும் வண்டி எழும்ப மாட்டேன் என்கிறது.

பேட்டை மாமா: அடியோடு நின்றதுதான் கோளாறு, மருமகனே. இன்ஜினுக்குள் காற்றையும் புகையையும் விடும் கதவான வால்வுக்கும், அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடினால் வண்டி கடகடவென்று சொல்லிக் காட்டும். இடைவெளியே இல்லாமல் போனால் வாய் திறக்காது. ஆனால் வால்வு தன் இருக்கையான சீட்டில் முழுதாக உட்காராமல் அழுத்தம் கசியும், புகையை விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்கு இறக்க வழியின்றி விளிம்பில் கருகத் தொடங்கும். இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று ஹோண்டா கையேடுகள் சொல்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் நிழலே அதைத் தாண்டுகிறது என்பதால், நான் விடிவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவேன்.

அம்பை அத்தான்: என் நின்ஜா 300-க்கும் நேரம் வந்துவிட்டது, மாமா. அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?

பேட்டை மாமா: அது வேறு சாதி, மாப்பிள்ளை. ஸ்பிளெண்டரில் இரண்டே வால்வு. இரண்டு மூடியைத் திறந்தால், இடைவெளியைச் சரிசெய்கிற திருகும் அதைப் பூட்டுகிற லாக் நட்டும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். உங்கள் வண்டியில் எட்டு வால்வு, அவற்றைத் தள்ளச் சுழலும் கேம் தண்டு இரண்டு, திருகே கிடையாது. வாளி போன்ற டாப்பட்டுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஷிம் என்கிற ஒரு வில்லை இருக்கும். டேங்க்கை இறக்கி, இடைவெளிகளை அளந்து எழுதிக்கொண்டு, கேமையே வெளியே எடுத்தால்தான் அதைத் தொட முடியும். 0.20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.15 இருந்தால், இருப்பதைவிட 0.05 மெல்லிய ஷிம் போட வேண்டும். அந்த அளவு கையில் இல்லையென்றால், அது வந்து சேரும்வரை வண்டி திறந்த வயிற்றோடு கிடக்கும். கேமைச் சுழற்றும் டைமிங் செயினைத் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்க வாய்ப்புண்டு. என் திண்ணையில் வைத்துச் செய்கிற வேலை அல்ல இது.

பாளைப் பெரியப்பா: என்னுடைய பழைய புல்லட்டுக்கு, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜே தேவைப்பட்டதில்லை. வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்து, ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பேன். தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

பேட்டை மாமா: கணக்கு எளிது, அண்ணாச்சி, ஆனால் அந்தச் சந்துக்குள் மூன்று மெல்லிய ஸ்பானரைப் பிடிக்க மூன்று கை வேண்டுமே! 2009-இல் வந்த கிளாசிக்கில் ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும்படி ஹைட்ராலிக் டாப்பட் வைத்து, அந்தத் தொல்லையையே எடுத்துவிட்டார்கள்.

நான்: அப்படியானால் என் வண்டியை நானே செய்துவிடலாமா, மாமா?

பேட்டை மாமா: செய்யலாம், இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இன்ஜினோடு சுற்றும் மேக்னட் சக்கரத்தில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி குறி, இன்ஜின் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை நேராக வரும்; இரண்டு ராக்கரும் தளர்ந்து ஆடுகிற முறையில்தான் அளக்க வேண்டும். அடுத்து, லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே மயிரிழை திரும்பிவிடும். உன் வண்டிக்கான 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு என்பது எழுதுகிற தாளின் பாதிக் கனம்தான்; மயிரிழை திரும்பினாலே அது சிக்கிக்கொள்ளும். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டு இழுத்துப் பார்; லேசான பிடிப்போடு வர வேண்டும். எனக்கே மூன்று தடவையாவது ஆகும்.

நான்: ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டியில் வந்துவிடட்டுமா?

பேட்டை மாமா: ஓட்டிக்கொண்டு வந்தால் திரும்பவும் சூடுதான். சனிக்கிழமை இரவே கொண்டுவந்து நிறுத்திவிடு. வருகிற வழியில் டாப்பட் மூடிக்கான ஓ ரிங் இரண்டு வாங்கிக்கொள். பழையதையே போட்டால் ஆயில் கசியும்.